ஹேட்டி ரயில் ஏறினாளா?

இரும்புலியூர்
26-4-2004

அன்புள்ள தையல்,

நலம். நலமில்லை என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. எனக்கு முன்னால் என் தொப்பை வாசற்படியைத் தாண்டுகிறது என்று போன மாதம்தான் சொன்னாய்.

இருபத்து நான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. "போன் பண்ணாதீங்க. நீங்க பேச ஆரம்பிச்சா என் படிப்பு நின்னுடும். ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாய். பள்ளிக்கரணைக்கும் இரும்புலியூருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்கு ஒரு கவர், ஒரு ஸ்டாம்ப். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்தில் துரு இருந்தால் பொறுத்துக்கொள்.

நாற்பத்தாறு வயதில் அஞ்சல்வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் எழுதுகிறாய். நல்லது. பாஸ் செய்தால் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகலாம். அதுவும் நல்லது. வீட்டில் என் சத்தம் தாங்காமல் கோடை லீவுக்கு உன் அக்கா கனகவல்லி வீட்டில் போய்ப் படிக்கிறாய். இதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படிக்கப் போகிறவள் மிக்ஸியை எதற்கு எடுத்துப் போனாய்? அமெரிக்க இலக்கியத்தை அரைத்தா குடிக்கப் போகிறாய்?

மிக்ஸி இருந்த இடத்தில் ஒரு வட்டமான கறை மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்தபடி நின்று யோசித்தேன். யோசிக்கிற ஆள் இல்லை நான், உனக்கே தெரியும். அதனால் சீக்கிரம் களைத்துப்போய் நேராகப் பொத்தேரிக்கு பஸ் ஏறினேன். காலேஜ் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸும் கைடும் விற்கிற நம் அயூப்பிடம், நீ மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருப்பதாகக் கனகவல்லி சொன்னாளே, அந்த அமெரிக்கன் நாவலைக் கேட்டேன்.

"ஒரிஜினலா? அத்த யாரு மச்சான் படிக்கறா? கைடு கீது, எடுத்துக்கினு போ" என்றான்.

தமிழ் விளக்கத்தோடு அறுபது பக்கம். ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. சரி, இறங்கியது. ருசிக்கவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு ஊர். ஹேட்டி என்று நாற்பது தாண்டிய ஒருத்தி. அவள் புருஷன் ஜோனாஸ், ஆணியும் கயிறும் விற்கிறவன், கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லுகிறவன். "மட்டமான நகைச்சுவை உடையவன்" என்று கைடு அவனைச் சொல்கிறது. யாரைச் சாடை சொல்கிறார்கள் என்று புரியவில்லை. ரயில் பாதைக்கு நிலம் அளக்க வந்த பெல் என்பவன் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். ஐம்பத்தெட்டாம் பக்கம்: "இறுதியில் ஹேட்டி, பெல்லுடன் ரயில் ஏறிப் புதுவாழ்வை நோக்கிச் செல்கிறாள்."

இதையா மூன்று தடவை படிக்கிறாய்?

ஒரே ஒரு கேள்விதான். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நீ எந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போவாய்?

இன்னும் உன் கணவன்தான் என்று நம்பும்,
கேசவன்


பள்ளிக்கரணை
30-4-2004

என்னங்க,

கடிதம் கிடைத்தது. துரு இல்லை. மிளகாய் பஜ்ஜி எண்ணெய் இருந்தது. டாக்டர் வேண்டாமென்று சொன்னதை நான் ஊரில் இல்லாதபோதும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா வீட்டு மிக்ஸி புகைந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறது. அதனால்தான் நம்முடையதைக் கொண்டுவந்தேன். உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். அப்போது நீங்கள் பெயிண்ட் வாங்க வந்தவரிடம், பக்கத்துத் தெருக்காரர் மொட்டையடித்துக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துத் தலையும் ஆட்டினீர்கள்.

நாவலைப் பற்றி இரண்டு விஷயம்.

ஒன்று, ஜோனாஸின் நகைச்சுவை மட்டமானது என்று கைடு சொல்வது தப்பு. அவன் சொல்லும் கதைகள் நன்றாகவே இருக்கின்றன. பஸ்ஸில் படித்துக்கொண்டு வரும்போது நான் வாய்விட்டுச் சிரித்ததில், பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். அவன் கதை சொல்லத் தெரியாதவனாக இருந்திருந்தால் ஹேட்டிக்கு எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு, உங்கள் ஐம்பத்தெட்டாம் பக்கத்து முடிவு நாவலில் இல்லை. என்ன முடிவு என்று நான் எழுதப் போவதில்லை. நான் சொன்னால் நீங்கள் அதையும் ஒரு கதையாக்கிக் கடையில் சொல்லுவீர்கள்.

ஜூனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மே 28 பரீட்சை. அதற்கு முன்னால் எதையும் சொல்வதாக இல்லை.

மாடியில் உட்கார்ந்து படிக்கிறேன். சதுப்பு நிலம் தெரிகிறது. ஒரு பக்கம் நாரை, ஒரு பக்கம் குப்பை லாரி. யாரும் என்னோடு பேசுவதில்லை. சொர்க்கம்.

தையல்நாயகி


இரும்புலியூர்
6-5-2004

அன்புள்ள தையல்,

"எதையும் சொல்வதாக இல்லை" என்று ஒரு மனைவி எழுதினால் ஒரு கணவன் என்ன செய்வான்? துப்பறிவான். துப்பறிந்தேன்.

கைடு அட்டையில் "அனுபவமிக்க மூன்று பேராசிரியர்கள் கொண்ட குழு" என்று இருக்கிறது. மூன்று பேராசிரியர்கள் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். யார் பொய் சொல்கிறார்கள்? அயூப்பைக் கேட்டேன். அவன் என்னைப் பொத்தேரியில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஹரிபிரசாத் என்று ஒரு ஆள். முப்பது வயதிருக்கும், லுங்கி, சுற்றிலும் காகிதம். என்னைக் கண்டதும் தன் பாயையே எனக்கு விரித்துப் போட்டார்.

"மத்த ரெண்டு பேராசிரியர் எங்கே?" என்றேன்.

"மூணு பேரும் நான்தான் சார்."

"சரி, கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?"

அவர் அயூப்பைப் பார்த்தார். அயூப் மின்விசிறியைப் பார்த்தான்.

"சார், நாவல் நானூத்திப் பன்னெண்டு பக்கம். பப்ளிஷர் குடுத்தது நாலு நாள். முந்நூத்தித் தொண்ணூறாவது பக்கத்துல அவ பையில துணி அடுக்கிட்டா. டிக்கெட்டும் வாங்கிட்டா. அப்புறம் என்ன சார்? டிக்கெட் வாங்கினவங்க ஏறாம இருப்பாங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்குக் கோபமே வரவில்லை. நானும் டிக்கெட் வாங்கி ஏறாமல் வந்ததில்லை. மசால் தோசை வாங்கிக் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே இப்போதைய நிலவரம்: தாம்பரம் வட்டாரத்தில் இந்த நாவலின் முடிவு தெரிந்தவள் நீ ஒருத்திதான். இல்லை, இன்னொருவரும் இருக்கலாம். கீரைக்காரி கன்னியம்மா நேற்று கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாண்ணா, அக்காவ வேளச்சேரில பாத்தேன். யாரோ ஒரு பெர்ய மனுசன் கூட நின்னுகினு இருந்தாரு. அவருதான் கொடை புடிச்சிக்கினு. அக்கா சிரிச்சிக்கினே பேசுது."

"சிரிச்சுதா?"

"நல்லாவே சிரிச்சுது."

ஒரு கட்டு முளைக்கீரை கேட்டவன் மூன்று கட்டு வாங்கிவிட்டேன். மனசு சரியில்லை.

குடை பிடித்தவர் நிலம் அளக்கிறவரா? மாடியில் யாராவது குடியிருக்கிறார்களா? நேரடியாக எழுது. நான் தாங்குவேன். தாங்காவிட்டாலும் அயூப் பக்கத்தில் இருக்கிறான்.

கேசவன்


பள்ளிக்கரணை
11-5-2004

வீட்டுக்காரருக்கு,

குடை பிடித்தவர் பெயர் ஞானையா. வயது அறுபத்து நான்கு. பள்ளிக்கூட லேபில் உதவியாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். அஞ்சல்வழிக்காரர்களுக்கு வேளச்சேரியில் நடக்கும் சனி, ஞாயிறு வகுப்பில் எனக்கு முன் வரிசை. அவர் மனைவி தபீதாள் அவருக்குச் சோறு கட்டும்போது எனக்கும் ஒரு டப்பா கட்டிக் கொடுத்தனுப்புகிறார். மே மாத வெயிலில் ஒரு மனிதர் குடையில் பாதியைக் கொடுத்தார். அதற்கு நான் சிரித்தேன். கன்னியம்மாவிடம் இந்த விவரங்களையும் சொல்லிவிடுங்கள், ஊருக்குப் பாதிச் செய்தி போகக்கூடாது.

அவர் அமெரிக்கப் பேப்பரில் நான்கு தடவை ஃபெயில். மற்ற எல்லாம் பாஸ். ஏன் தெரியுமா? முழு நாவலையும் படித்துவிட்டு, அதிலிருக்கும் முடிவை எழுதுகிறார். திருத்துகிறவர் கையிலும் அந்தக் கைடுதான் இருக்கிறது என்பது அவர் சந்தேகம். முதலில் நான் நம்பவில்லை. உங்கள் மூன்று பேராசிரியர்களைப் பற்றிப் படித்தபிறகு எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. என் பரீட்சைக்கு இன்னும் பதினேழு நாள். நாவலை எழுதுவதா கைடை எழுதுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நேரத்தில் மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். மாடியில் அக்காவின் வடாம் குடியிருக்கிறது.

உங்களுக்கே ஒன்று தோன்றவில்லையா? அயூப் அண்ணாவை விசாரித்தீர்கள். பஸ் பிடித்துப் போய்க் கைடு எழுதினவரை விசாரித்தீர்கள். கீரைக்காரியை விசாரித்தீர்கள். என்னிடம் மட்டும் விசாரணை இல்லை, நேராகக் குற்றச்சாட்டு.

இத்துடன் என் நாவல் பிரதியைப் பார்சலில் அனுப்புகிறேன். எனக்கு ஞானையா சார் தன்னுடையதைத் தருகிறார். ஹேட்டி என்ன செய்தாள் என்று அவ்வளவு பயமாக இருந்தால் படித்துப் பாருங்கள். முதல் பக்கத்திலிருந்து. கடைசி அத்தியாயத்தை மட்டும் புரட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள்.

தையல்நாயகி


இரும்புலியூர்
22-5-2004

அன்புள்ள தையல்,

வெற்றி! வெற்றி! ஹேட்டி ஏறவில்லை!

எட்டு நாள். நம் தீபா பள்ளியில் படித்தபோது வைத்திருந்த டிக்‌ஷனரியைப் பரணிலிருந்து இறக்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். நீ பெங்களூருக்குப் போன் செய்து மகளிடம் கேட்டுக்கொள், நான் அவளிடம் பதினோரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருக்கிறேன். "அப்பா, உடம்பு சரியாத்தானே இருக்கு?" என்றாள். கடைக்கு வருகிறவர்கள் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள். ஒருவர் நான் பரீட்சை எழுதுவதாக நினைத்து மூளைக்கு நல்லது என்று வல்லாரை வாங்கி வந்து கொடுத்தார்.

அவள் பையோடு ஸ்டேஷனுக்குப் போகும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு டீ குடித்தேன். பெல் ஜன்னலில் கையை நீட்டுகிறான். வண்டி நகர்கிறது. இவள் நிற்கிறாள்! நின்றுகொண்டே இருக்கிறாள்! வண்டி போய்விட்டது. திரும்பி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நல்ல குடும்பத்துப் பெண். இப்படி ஒரு முடிவை வைத்துக்கொண்டா என்னை ஒரு மாதம் தவிக்க விட்டாய்?

ஜோனாஸையும் நீ சொன்னதுபோலக் கைடுக்காரர் தப்பாக எழுதிவிட்டார். தங்கமான ஆள். குடியில்லை, அடியில்லை, கடையுண்டு வீடுண்டு. அவன் சொல்லும் கயிறு வாங்க வந்தவன் கதையை நானே இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன். ஆற்றை ஏரியாக மாற்றிக்கொண்டேன்.

அயூப்புக்கு மட்டும் திருப்தியில்லை. முழுக் கதையையும் சொன்னேன். வழக்கமாக என் கதைக்கு முதலில் சிரிக்கிறவன், நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில், "அது சரி மச்சான். அவ போனதும் வந்ததும் அந்தப் புருசனுக்குத் தெரியுமா?" என்றான். என்ன கேள்வி இது! வந்துவிட்டாள் இல்லையா, அப்புறம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? ஜெராக்ஸ் கடை வைத்தவனுக்கு இலக்கியம் வராது.

சமையலறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். லைட் பச்சையா, கிரீமா? ஜூனுக்குள் முடித்துவிடலாம்.

மகிழ்ச்சியுடன்,
கேசவன்


பள்ளிக்கரணை
25-5-2004

என்னங்க,

அயூப் அண்ணாவுக்கு இலக்கியம் நன்றாக வருகிறது.

கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படியுங்கள். ஹேட்டி கதவைத் திறக்கிறாள். ஜோனாஸ் ஊர் டாக்டரிடம், கயிறு வாங்க வந்தவன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். திரும்பிப் பார்க்காமலே, விளக்குத் திரியைக் கொஞ்சம் ஏற்று என்கிறான். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரியை ஏற்றுகிறாள். டாக்டர் சிரிக்கிறார். நாவல் அவ்வளவுதான். உங்களுக்கு இது வெற்றி.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டதால் சொல்கிறேன்.

போன வருடம் ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒரு பையில் நான்கு புடவை வைத்தேன். தாம்பரம் ஸ்டேஷனில் விழுப்புரத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். விழுப்புரத்தில் எனக்கு யாரும் இல்லை, அதனால்தான் விழுப்புரம். குடையோடு யாரும் நிற்கவில்லை, தேட வேண்டாம். நீங்கள் முந்தின நாள் சண்டை போட்டீர்களா என்றால் அதுவும் இல்லை. நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை. முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில், என் தலைமையாசிரியை என்னை எல்லார் முன்னாலும் திட்டியதைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நீங்கள் அதை ஒரு ஜோக்காக்கி முடித்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன். காலையில் எழுந்தபோது, எனக்கு நடந்தது எதையும் நான் இதுவரை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை என்று தோன்றியது.

வண்டி வந்தது, நின்றது, போனது. அடுத்ததும் போனது. ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். முன் அறையில் நீங்களும் அயூப் அண்ணாவும். நீங்கள் சுண்ணாம்பு வாங்க வந்தவர் கதையில் பாதியில் இருந்தீர்கள். "தையலு, ரெண்டு டீ" என்றீர்கள். போட்டேன். சர்க்கரை தூக்கல் என்றீர்கள்.

அடுத்த மாதம் எம்.ஏ.வுக்கு அப்ளிகேஷன் வாங்கினேன். பாடத்தில் இந்த நாவல் இருந்தது தற்செயல்தான். கடைசிப் பக்கத்தை முதல் தடவை படித்தபோது, நூறு வருடத்துக்கு முன்னால் எழுதின அந்த அமெரிக்கருக்கு இரும்புலியூர் விஷயத்தை யார் போய்ச் சொன்னது என்று சந்தேகமே வந்துவிட்டது. மூன்று தடவை படித்தது அதனால்தான்.

28 வரை எழுத வேண்டாம்.

தையல்நாயகி

சமையலறைக்கு எந்த நிறமும் வேண்டாம்.


இரும்புலியூர்
30-5-2004

தையல்,

பரீட்சை முடிந்திருக்கும். நன்றாக எழுதியிருப்பாய்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். மூன்றிலும் இரண்டாவது பாராவில் ஜோக் வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது.

ஜனவரி 21 எனக்கு நினைவில்லை. எவ்வளவோ தேடினேன். நினைவிருப்பதாக எழுதலாம்தான். அன்றைக்குத் தூறல் போட்டது, நீ மாம்பழக் கலர் புடவை என்று இரண்டு வரி சேர்த்தால் நீயே குழம்பிவிடுவாய், அந்தத் திறமை எனக்கு உண்டு. ஆனால் நினைவில்லை.

அயூப் கடைக்கு வந்திருந்தான். கடிதத்தைக் காட்டவில்லை. தேதியை மட்டும் சொல்லிக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பெயிண்ட் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"தேதியெல்லாம் தெரியாது மச்சான். ஆனா ஒரு நாளு தங்கச்சி கையில பை இருந்துச்சு. கண்ணு செவந்து கெடந்துச்சு. நான் பாத்தேன்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ கத சொல்லிக்கினு இருந்த. நான் சிரிச்சிக்கினு இருந்தேன்."

ஒருவர் வந்து தாழ்ப்பாள் கேட்டார். அயூப்தான் எழுந்து எடுத்துக் கொடுத்தான்.

ஒரு மாதமாக நீ போய்விடுவாயோ என்று கீரைக்காரி வரைக்கும் விசாரித்தேன். நீ போய், திரும்பியும் வந்து, பதினாறு மாதம் ஆகியிருக்கிறது. கடைசிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். ஜோனாஸ் தங்கமான ஆள் என்று எழுதினேன் இல்லையா? எழுதியிருக்கக்கூடாது. அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கயிற்றுக் கதையை இனிமேல் என்னால் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கே போகப் பார்த்தாய், ஏன் போகப் பார்த்தாய் என்பதை நீயே எழுதிவிட்டாய். அன்றைக்கு ஏன் திரும்பி வந்தாய்?

கேசவன்


பள்ளிக்கரணை
2-6-2004

என்னங்க,

பரீட்சை முடிந்தது. எதிர்பார்த்த கேள்வி வந்தது: ஹேட்டியின் முடிவைப் பற்றி விவாதிக்க. பத்து நிமிடம் பேனாவைத் திறக்கவில்லை. முன் வரிசையில் ஞானையா சார் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். ஐந்தாவது தடவையும் உள்ளதைத்தான் எழுதுகிறார் என்று அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் அவளை ரயிலேற்றிவிட்டேன். எனக்குப் பாஸ் வேண்டும். ஜன்னலோர இடம்கூடக் கொடுத்தேன். வெளியே வந்ததும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். "பரவால்லம்மா, ஒருத்தராவது பாஸாகணும்ல" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் முகம்தான் கண்முன் நிற்கிறது.

உங்கள் கடிதத்தை அக்காவும் படித்தாள். "இது உன் புருஷன் எழுதினதா? எனக்கென்னவோ சந்தேகமா இருக்குடி" என்றாள். எனக்கும் இருந்தது. கையெழுத்து உங்களுடையதுதானா என்று இதற்கு முன்னால் வந்த மூன்று கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்று தடவை கிழித்த இடத்தில்தான் உங்களை அடையாளம் கண்டுபிடித்தேன்.

ஏன் திரும்பி வந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம். உங்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதை எழுதி அனுப்பினால் நீங்கள் கடையில் வைத்துப் படிப்பீர்கள், பாதியில் யாராவது வந்து ஸ்க்ரூ கேட்பார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். கடையைத் திறக்க வேண்டாம். அயூப் அண்ணாவை அன்றைக்கு மட்டும் வரவேண்டாமென்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். இதே கேள்வியை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உங்களால் உட்கார முடியுமா? எனக்குச் சந்தேகம்தான்.

அப்படி உட்கார முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை இருவரும் இங்கே வந்து என் துணிகளை எடுத்துப் போகலாம். சனிக்கிழமைக்குக் கைப்பை மட்டும் போதும்.

தையல்நாயகி